பம்பாய் வகை

பத்தொன்பது வயதில்
லேபர் கேம்ப் சந்தில்
சுவரொட்டிப் பசை காயாத கையோடு
எதற்காகச் சாவாய் என்று
ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்வோம்.
என்னிடம் பதில்கள் இருந்தன.
மொழிக்காக என்றேன் ஒரு மாலை.
மறுவாரம் சங்கத்துக்காக.
மழை விட்ட ஓர் இரவில் தாயம்மாளுக்காக.
அவள் அம்பர்நாத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.
நான் சாகவில்லை,
இரண்டு நாள் பல்வலி இருந்தது.

பிறகு யாரும் கேட்கவில்லை.
கூரியர் கிடங்கில் எடைபோடும் வேலை.
யாரோ யாருக்கோ அனுப்பும் எதையோ
கிலோவும் கிராமுமாய் எழுதி எழுதி
நாற்பத்துமூன்று.

குடலிறக்க ஆபரேஷனுக்கு
சயான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.
ஓ என்றார்கள்.
ஓ-வோடு சேர்த்துப் பார்த்தார்கள்,
எலுமிச்சை பட்ட பாலாய்த் திரிந்தது.
லேப் பெண் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி செய்தாள். மறுபடி திரிந்தது.
பெரிய டாக்டர் வந்து
தொலைத்த சாவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.
பம்பாய் வகை, என்றார்,
ஊர்ப் பெயரை மாற்றினார்கள்
இதை மாற்ற மறந்துவிட்டார்கள்.

பிறந்ததிலிருந்து இந்த ஊர்
என்னை மதராஸி என்றது.
ரத்தம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்
தான் உள்ளூர்க்காரன் என்று.

காம்ளே என்றொருவர்
ஒல்லியான நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.
அப்புறம் ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு போன்.
மாலேகாவில் பிரசவம்,
உடனே வரமுடியுமா?

கசாரா மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து
பஸ் மூன்று மணிநேரம் நின்றது.
ரத்தம் போகிறது, எடு வண்டியை என்று
கண்டக்டரிடம் கத்தினேன், என் ஓட்டை மராட்டியில்.
அவர் டார்ச் அடித்து
என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

போய்ச் சேர்ந்தபோது
இனித் தேவையில்லை என்றார்கள்.
எந்த விதத்தில் தேவையில்லை
என்று கேட்கத் தைரியம் வரவில்லை.
தலைமுடியில் தறிப்பஞ்சு ஒட்டிய ஒருவன்
என் கையில் டீயைத் திணித்துவிட்டு
சுவரைப் பார்த்து நின்றான்.
சிரித்தானா அழுதானா
இன்றுவரை தெரியாது.
டீயில் சர்க்கரை அதிகம்.

அடுத்தது பன்வேல். அங்கே எடுத்தார்கள்.
யாருக்கென்று சொல்லவில்லை.
கந்துவட்டிக்காரனாக இருக்கலாம்.
பெண்டாட்டியை அடிப்பவனாக இருக்கலாம்.
படுத்துக்கொண்டு யோசித்தேன்.
பை என் யோசனைக்குக் காத்திருக்கவில்லை,
தொட்டிலாய் ஆடும் தராசில் நிரம்பிக்கொண்டிருந்தது.
எடைபோட்டே பழகிய கண்
எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தது.
முந்நூற்றைம்பது மில்லி.
ரசீது தரமாட்டீர்களா என்று கேட்டேன்.
நர்ஸ் ஒரு பிஸ்கட் தந்தாள்.

தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
அரைநாள் சம்பளம் போகிறது, அவ்வளவுதான்.
ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துட்டு
வீட்டுக்கு வெறுங்குடமா வா
என்று வைகிறாள் பொற்கொடி,
ஈரலை வதக்கிக்கொண்டே.

ஒன்றுதான் மாறியிருக்கிறது.
முன்பெல்லாம் சயான் ஸ்டேஷனில்
தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவேன்.
எல்லாரும் தாண்டுவார்கள்,
ஃபாஸ்ட் லோக்கலின் தூரத்தை
உள்ளங்காலால் அளந்து.
சில மாலைகளில்
கொஞ்சம் மெதுவாகவே தாண்டியிருக்கிறேன்.
பொற்கொடிக்குத் தெரியாது.

இப்போது படியேறுகிறேன்.
முட்டி வலிக்கிறது.
வெள்ளரிக்காய் விற்பவளின் கூடையைச் சுற்றி,
தூங்கும் நாயைத் தாண்டி.
கீழே பையன்கள் குதித்து ஓடுகிறார்கள்,
பத்தொன்பது இருக்கும்.
எதற்காகச் சாவாய் என்று
அவர்களில் ஒருத்தன் நிமிர்ந்து கேட்டால்
முழிப்பேன்.
ஏன் படியேறுகிறாய் என்றால் சொல்லிவிடுவேன்,
போன் வரும்டா.

மேலே நின்று மூச்சு வாங்குகையில்
சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன்.
இரண்டு கோடு சார்ஜ் இருக்கிறது.
வீடு வரைக்கும் தாங்கும்.