நாள் வாடகை

நாங்கள் ஏழு பேர்.
அபர்டீனில், மீன் வறுக்கும் கடைக்கு மேலே
இரண்டு அறைகள்.
எங்கள் பங்குப் பத்திரங்களில் எப்போதும்
லேசான எண்ணெய் வாசனை.
அது கீழ்த்தளத்து எண்ணெய்.

பெரிய கம்பெனி வேண்டாமென்று விட்ட கட்டம் எங்களுடையது,
வட கடல் வரைபடத்தில் கட்டைவிரல் நகமளவு.
இருபது வருடம் அவர்களுக்குப் பாறை பார்த்துவிட்டு
ஒரு வெள்ளிக்கிழமை
அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தான் ஸ்ட்ரூவன் கெயர்ட்.
பெட்டியில் குவளை, குடை, மகளின் படம்.
தலைக்குள் ஒரு மேடு:
தூங்குகிறவன் போர்வைக்குள்
முழங்காலை மடக்கியதைப் போல
கடலடிப் பாறையில் ஒரு சின்னப் புடைப்பு.

யானைக்கு அது சோளப்பொரி.
எங்களுக்கு ஏழு வீட்டு அடமானம்,
ஆர்க்னியில் ஒரு பல் மருத்துவரின் சேமிப்பு,
படகுத்துறைக் காவலரின் மனைவி எஃபி லின்க்லேட்டர்
அவர் போன பிறகு அனுப்பிய நானூறு பவுண்டு.
அவர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.
'நம்பிக்கை' என்று எழுதக் கூடாது.
'முப்பத்தொரு சதவீதம்' என்று எழுத வேண்டும்.

நான் கணக்குப் பார்க்கிறவள்.
கடலில் போட்டாலும் அளந்துதான் போட்டேன்.

ரிக்கின் நாள் வாடகை
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
துளைத்தாலும் அதே, சும்மா நின்றாலும் அதே.
பிப்ரவரியில் ஐந்து நாள்
பதினோரு மீட்டர் அலை.
குழாயைத் தூக்கி நிறுத்திவிட்டுத்
தொண்ணூறு பேர் உள்ளே சீட்டாடினார்கள்.
அவர்கள் ஆடிய சீட்டு,
நான் கட்டிய சீட்டு.
இங்கே என் ஜன்னலைக் காற்று தட்டத் தட்ட
வகுத்துப் பார்த்தேன்:
நிமிடத்துக்கு நூற்று இருபத்தைந்து.
ஐலி தேநீர் போட்டு வர நான்கு நிமிடம்.
ஐந்நூறு.
ஆறவிட்டுக் குடித்தேன்.

மார்ச் ஒன்பது, விடியற்காலை மூன்று மணி.
ரிக்கிலிருந்து ராக்ன்ஹில்ட் பேசினாள்,
பேசவில்லை, முதலில் மூச்சுவிட்டாள்.
பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.
"மணல்," என்றாள்.
"விளக்கடியில் மஞ்சளாக எரிகிறது."
ஸ்ட்ரூவன் ஒரு காலில் பழுப்பு, ஒரு காலில் கறுப்புச் சப்பாத்தோடு
ஓடி வந்து
படியில் உட்கார்ந்து அழுதான்.
நான் மணியைப் பார்த்தேன்.
பழக்கதோஷம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரிந்தேதான் விட்டோம்,
மூவாயிரத்து நூற்றுப் பத்து மீட்டர்.
தெரியாமல் போனது அகலம்.

பதினோரு மில்லியன் பீப்பாய்.
ஒரு தளம் கட்டப் போதாது.
பக்கத்தில், பதினெட்டுக் கிலோமீட்டரில்
பெரிய கம்பெனியின் பழைய தளம் நிற்கிறது.
ஒரு குழாய் போட்டு அவர்கள் வாசலில் ஊற்றினால்
பிழைத்துக்கொள்வோம்.
பதில் மூன்று பத்தி.
முதல் பத்தியில் வாழ்த்துகள்.
மூன்றாவதில்,
நான்கு வருடத்தில் தளத்தைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்.
எங்கள் எண்ணெய் போய்ச் சேரும்போது
அங்கே வாசல் இருக்காது.

ஆகவே கிணற்றை மூடினோம்.
மூன்று இடத்தில் சிமென்ட்,
ஒவ்வொன்றுக்கும் அழுத்தச் சோதனை, கையெழுத்து, முத்திரை.
தேடிக் கண்டதைக்
காசு கொடுத்துப் புதைத்த ரசீது
என் கோப்பில் இருக்கிறது.
அந்த ஒரு வேலைதான்
மதிப்பிட்ட தொகைக்குள் முடிந்தது.

ராக்ன்ஹில்ட் ஸ்டவாங்கர் திரும்பினாள்,
காற்றாலைக்காரர்களிடம் வேலை.
ஸ்ட்ரூவன் இன்னும் வருகிறான்,
விளக்குப் போடாமல் வரைபடத்தின் முன் நிற்கிறான்.
கீழ்க்கடைக்காரர்
அறைகளை எப்போது காலி செய்வோம் என்று
கேட்காமல் கேட்கிறார்,
வறுத்த ஹாடக் பொட்டலத்தோடு.

எஃபி லின்க்லேட்டரிடமிருந்து நேற்று ஒரு அட்டை.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
'அங்கே எண்ணெய் நிஜமாகவே இருந்ததா?'

இருந்தது என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
இருக்கிறது என்று எழுதினேன்.

தபால்தலை என் கைப்பையிலிருந்து.
கணக்கில் ஏற்றவில்லை.