மூன்று உயிர்

ஒரே இரவு, ஒரே வானொலி, மூன்று கேசட்டுகள்.
லெஸ்கோவாட்ஸிலிருந்து ஒரு பல் மருத்துவர் அனுப்பியது.
பீரோத்திலிருந்து ஒன்று, அட்டையில் மிளகாய் விற்ற கணக்கு.
மைதான்பெக் தாமிரச் சுரங்கத்து ஊரிலிருந்து
செய்தித்தாளில் சுற்றிய ஒன்று.

எண்பத்து நான்கு, நவம்பர், வெள்ளிக்கிழமை.
“கேசட்டைப் போடுங்கள், பொத்தானை அழுத்துங்கள்”
என்றார் அறிவிப்பாளர்.
பிறகு மூன்று நிமிடம் காற்று கிறீச்சிட்டது.
காது மட்டும் உள்ளவர்கள் திட்டினார்கள்.
கணினி உள்ளவர்கள் மூச்சு விடவில்லை.
அந்தக் கிறீச்சுதான் விளையாட்டு. பெயர் ‘கிணறு’.
ஒரு வாளி, ஒரு கயிறு,
இறங்க இறங்க இருபத்தோர் அறைகள்.

நீஷ் நகரில், மூடிய செருப்புத் தொழிற்சாலையின் கீழறையில்
நான் பார்க்கும் வேலை இது.
சம்பளம் உண்டு, சில மாதங்களில்.

லெஸ்கோவாட்ஸ் நாடாவில் நாற்பதாம் நொடியில் இடி.
அன்றிரவு அங்கே மழை என்பது
வானிலைக்காரர்களைவிட எனக்கு உறுதியாகத் தெரியும்.
பீரோத் நாடாவின் நடுவில்
யாரோ மேலே பதிந்துவிட்ட கல்யாண டிரம்பெட்,
பதினோரு நொடி ஆனந்தம்.
இதன் ஓட்டையை அதன் துணியால் அடைத்தேன்,
அதன் ஓட்டையை இதால்.
இரவு இரண்டு மணிக்கு வாளி அசைந்தது.

மைதான்பெக் நாடா மட்டும் முழுசு.
ஆனால் ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில்,
மற்ற இரண்டும் மூன்று என்றபோது
அது இருநூற்று ஐம்பத்தைந்து என்றது.
உயிர்களின் எண்ணிக்கை.
பாடபேதம் என்று குறித்துக்கொண்டேன்.
பேதமா, திருட்டா?

அனுப்பிய ரதோமிரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
நெடுநேரம் இருமினார்.
“அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.
ஏழாவது அறையைத் தாண்ட முடியவில்லை.”
மாற்றிய பிறகு தாண்டினீர்களா?
“எங்கே? கணினி அண்ணனுடையது.
பட்டாளத்துக்குப் போகுமுன் விற்றுவிட்டான்.”

மூன்று உயிரோடு நானும் இறங்கினேன்.
ஏழாவது அறையில் வௌவால், வௌவால், வௌவால்.
முடிந்தது.
வெட்கத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு
சுரங்கத்துப் பையனின் நாடாவை ஏற்றினேன்.
இருநூற்றுப் பத்து முறை செத்து
இருபத்தோராம் அறையில் கால் வைத்தேன்.
தண்ணீர் இல்லை. புதையல் இல்லை.
கறுப்பு.
நிரலைத் திறந்து பார்த்தால்
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
அறுநூறு பூஜ்யங்கள்.

எழுதிய ஸ்லாவோல்யுப்
இப்போது லின்ட்ஸில் குளியலறை ஓடு விற்கிறார்.
கறுப்பைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.
“அடி வரைக்கும் போய்விட்டீர்களா!
வெள்ளிக்குள் வேண்டும் என்றார்கள்,
இருபது அறைதான் முடிந்தது.
அதனால்தான் மூன்று உயிர்.
அதனால்தான் அத்தனை வௌவால்.”
பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி,
“மிச்சத்தை இப்போது எழுதித் தரட்டுமா?”

வேண்டாம் என்றேன்.
கோபித்துக்கொண்டாரா தெரியவில்லை,
ஓடு வாங்க யாரோ வந்துவிட்டார்கள்.

இடிக்கு ஒரு கோப்பு, டிரம்பெட்டுக்கு ஒன்று,
ரதோமிரின் களவுக்கு ஒன்று,
நான் ஒட்டுப்போட்டதற்கு ஒன்று.
நான்கிலும் அந்தப் பூஜ்யங்களை எண்ணிச் சரிபார்த்தேன்.
ஒன்றும் குறையவில்லை.

சனிக்கிழமைகளில், கதவைச் சாத்திக்கொண்டு,
மூன்றே உயிரோடு
ஏழாவது அறையில் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறேன்.