மூன்று மாத்திரை

ஜனவரி. வில்யாண்டியில் ஒன்பது மணிக்குத்தான்
ஜன்னல் கொஞ்சம் வெளுக்கும்.
மற்ற பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில்,
வரிசையாய், பேனாவோடு.
எங்களுக்கு வரைபட அறை:
காரெல், அவன் சக்கர நாற்காலி, ஒரு மடிக்கணினி,
உதட்டருகே வளைந்து நிற்கும் ஒலிவாங்கி,
நான்.
வேதியியல் ஆசிரியை. இன்று வெறும் காவல்.

விதித்தாள் ஒரு பக்கம்.
விசைப்பலகையைத் தொடக் கூடாது.
பிழையைச் சுட்டக் கூடாது.
முகத்தால்கூடச் சுட்டாதே என்று அதில் இல்லை,
நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

சொல்லத் தொடங்கினான்.
சொல், காற்புள்ளி, சொல், சொல், முற்றுப்புள்ளி.
மற்றவர்கள் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகும் புள்ளியை
அவன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.
ஐந்து சொல்லுக்கொரு முறை இழுத்து வாங்கும் மூச்சை
'ஹா' என்று எழுதிவைத்தது கணினி.
அழி, என்றான்.
இன்னொரு ஹா.
அழி.
ஒரு மூச்சை அழிக்க ஒரு மூச்சு செலவு.
எந்தப் பக்கம் எதைச் சேர்த்தாலும்
சமன்படாத சமன்பாடு.

எங்கள் மொழியில் குறில் உண்டு, நெடில் உண்டு,
நெடிலையும் தாண்டி இழுக்கும் ஒன்று உண்டு.
கொலி என்றால் பரணில் சேர்ந்த தட்டுமுட்டு.
கோலி என்றால் பள்ளியின்.
கோஒலி என்றால் பள்ளிக்கு.
காலையில் நான்கு மாத்திரை விழுங்கி வந்தவனுக்கு
மூன்று மாத்திரை நீட்ட மூச்சில்லை.

தலைப்பு, நான் போகும் வழி.
'தினமும் ஏழரைக்குப் பள்ளிக்குப் போகிறேன்' என்றான்.
'தினமும் ஏழரைக்குத் தட்டுமுட்டுப் போகிறேன்'
என்றது திரை.
என் கை இரண்டும் தொடைக்கடியில்.
மறுபடி சொன்னான். தட்டுமுட்டு.
கழுத்து நரம்பு புடைக்க, ஒரு தோள் ஏறி நிற்க,
மறுபடி. தட்டுமுட்டு.
பிறகு சிரித்துவிட்டான்.
ஹா ஹா ஹா, என்று எழுதியது.
அது மட்டும் சரி.

பள்ளி முன்வாசலில் ஏழு படி.
நான்கு வருடமாய்ச் சமையலறைப் பக்கம் சுற்றி,
குப்பைத் தொட்டி தாண்டி,
சரிவுப் பாதையில் ஏறி வருகிறவன்.
சொல்லுக்கும் ஒரு பின்வாசல் வைத்திருந்தான்:
'மணியடிக்கும் கட்டிடம்' என்றான்.
ஏறியது.
அதன் பிறகு கட்டுரை முழுக்க
அந்தச் சொல் இல்லை.

பனி தள்ளும் வண்டி தெருவில் போனது.
'ரொட்டி ரொட்டி ரொட்டி' என்று ஒரு வரி.
தண்ணீர் வேண்டுமா, என்றேன், யோசிக்காமல்;
என் கேள்வி போய் அவன் பத்தி நடுவில் உட்கார்ந்தது,
அழைக்காத வீட்டில் காலணியோடு நுழைந்தது போல.
உறிஞ்சுகுழலில் குடித்தான்.
பிறகு என்னை அழித்தான்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம்.
எங்களுக்கு நாற்பது நிமிடம் கூடுதல் உண்டு;
முப்பத்தொன்பது போயிருந்தது.
குரல் இப்போது காகிதம் தேயும் அளவு.
கடைசிப் புள்ளியைச் சொன்னான். வைத்தது.
'கேட்பதை நிறுத்து' என்றான், கட்டளையாக.
கட்டளை என்று அதற்குப் புரியவில்லை.
கட்டுரையின் கடைசி வரியாக
எழுதிக் காட்டியது:
கேட்பதை நிறுத்து.

அழிக்க ஒரு மூச்சு வேண்டும்.
தாலினில் யாரோ சிவப்புப் பேனாவோடு
இதைப் படிக்கப் போகிறார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன், விதிப்படி.
காரெல் திரையைப் பார்த்தான்,
ஒரு இமை, இரண்டு இமை, மூன்று.

இருக்கட்டும், என்றான்.

அதையும் எழுதியது,
ஒரு எழுத்துப் பிசகாமல்.