ஆரஞ்சு உரிப்பவன்

மூக்கில் துணிக்கவ்வி மாட்டிக்கொண்டுதான் பேசுவேன்.
குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று
அஸ்ட்ரிடா சொல்லியிருந்தாள்.

ரீகா. எண்பத்தைந்து, பிப்ரவரி.
ஐந்தாம் மாடியில் அவள் வீடு.
சன்னலுக்குப் போர்வை. தலைக்கு மூன்று ரூபிள்.
ஒரு டிவிக்கு முன்னால் பத்தொன்பது பேர்.
வாசலில் அவர்கள் காலணிகளிலிருந்து
பனி உருகி ஓடிக்கொண்டிருக்கும்.

பகலில் நான் துறைமுகத்தில்
சரக்குச் சீட்டுகளை மொழிபெயர்ப்பவன்.
இரவில்
காதலி, தளபதி, ஓட்டுநர், ஒரு கிளி,
எல்லோருக்கும் ஒரே குரல். சளி பிடித்த குரல்.

நாயகனால் எனக்கு லாபமில்லை.
குதிப்பான், சுடுவான், கோட்டைத் தட்டிவிட்டுக்கொள்வான்,
நாற்பது நிமிடத்துக்கு ஒரு கிண்டல்.
அவன் ஓடும்போது நான் தேநீர் குடிப்பேன்.
வில்லன் வாயைத் திறந்தால்தான் என் பிழைப்பு.

இந்தப் படத்தில் அவனுக்கு ஒரு உப்புச் சுரங்கம்.
இடது கையில் மட்டும் வெள்ளைக் கையுறை.
உலகத்தின் கடிகாரங்களையெல்லாம்
ஒரே நொடியில் நிறுத்தப் போகிறான்.
ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான்.

கட்டிப்போட்ட உளவாளியின் எதிரில் உட்கார்ந்து
ஒரு ஆரஞ்சை எடுத்தான்.
தோல் அறாமல், ஒரே சுருளாய் உரித்தான்.
அறையில் மூச்சு நின்றது.
கடிகாரங்களுக்காக அல்ல.
புத்தாண்டுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்று
ஆளுக்கு இரண்டு வாங்கிய பழம் அது.
ஒரு சுளையைத் தின்றான்,
மீதியை உப்புக்குள் எறிந்தான்.
"பாவி" என்றார் டிராம் ஓட்டும் கிர்ட்ஸ்.
அதற்குள் பதினொரு பேரைக் கொன்றிருந்தான்,
அப்போதெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை.

எங்களுக்குப் பிடித்த இடம் இனிதான். எந்தப் படமானாலும்.
சாகப் போகிறவனுக்கு நாற்காலி கொடுத்து,
வரைபடம் விரித்து, சிவப்புப் பொத்தானைக் காட்டி,
இன்ன காரணம், இன்ன நேரம், இன்ன வழி என்று
ஒளிக்காமல் சொல்கிற இடம்.

அஸ்ட்ரிடாவின் அண்ணனைக் கூட்டிப்போனவர்கள்
ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள்.
மேல்பாதியை ஒரு கை மறைத்திருந்தது.
அந்தக் கையைப் பற்றி மட்டும்தான் அவள் எப்போதாவது பேசுவாள்.
கையுறை இல்லாத, சாதாரணக் கை.

"ஐந்து கண்டங்களில் ஐந்து" என்று அவன் தொடங்க
மின்சாரம் போனது.

போகவில்லை, நிறுத்தினார்கள்.
கட்டடத்துக்கே நிறுத்திவிட்டால்
கேசட் டெக்குக்குள் மாட்டிக்கொள்ளும்.
பிறகு மெதுவாகப் படியேறி வரலாம்.

யாரும் எழவில்லை.
இருட்டில் ஒரு பெண் கேட்டாள்,
எனக்குத் தெரியாத குரல்:
"ஐந்து என்ன?"

நானும் முதல்முறை பார்க்கிற படம்.
ஆனாலும் கவ்வியைக் கழற்றினேன்.
என் சொந்தக் குரலில் வில்லன் பேசினான்:
ஐந்து மணிக்கூண்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் என் ஆள்.
அவர்கள் பெயரைச் சொன்னேன். சம்பளத்தைச் சொன்னேன்.
பொத்தான் எந்த மேசைக்குக் கீழே,
சாவி யார் கழுத்தில்,
எதையும் விடவில்லை.
ஏன் செய்கிறாய் என்றது இருட்டு. கிர்ட்ஸாக இருக்கலாம்.
"ஒருவராவது என்னிடம் வந்து
மணி என்ன என்று கேட்கட்டுமே."

இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி.
வருகிறவர்களில் ஒருவருக்கு இருமல்.

கதவு தட்டப்பட்டபோது
அஸ்ட்ரிடா போர்வையை இறக்கி நான்காக மடித்தாள்.
கைவிளக்கு என் முகத்தில் நின்றது.
இளைஞன். கழுத்துத் துண்டை
யாரோ வீட்டில் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள்.
ஒரு தாளை நீட்டினான். மேல்பாதியில் அவன் கை.

கையை எடுங்கள், படிக்க வேண்டும் என்றேன்.
வில்லனின் குரல் இன்னும் தொண்டையில் இருந்தது.
எடுத்தான்.
அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது.
ஐந்து என்னவென்றும் தெரியாது.
கிர்ட்ஸ் மட்டும் இன்றும்
டிராமை நிறுத்தி என்னிடம் சொல்வார்:
"அவ்வளவு நல்ல பழம்."