கூரைக்கு வெள்ளை

வாசல் நிலைக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை.
திட்டத்தின் பெயர், என் இலக்கம் நூற்றுப் பதினேழு,
அடியில் ‘வேலை முடிவுற்றது.’
பதினொரு வருஷமாய்
நான் அதை நம்பவில்லை.

அத்திவாரத்துக்கு ஒரு காசு வந்தது,
லிண்டல் மட்டத்துக்கு இன்னொன்று,
கடைசிக் காசில் சீற் மட்டுந்தான் கட்டுப்படியானது.
ஜன்னலை வடக்கே வைத்தது
எங்கோ இருந்து பிளான் கீறின கை.
ஆடியில் முத்தையன்கட்டுக்குச் சோளகம்
எந்தப் பக்கத்தால் வரும் என்று
அந்தக் கைக்கு யார் சொல்லியிருப்பார்?

பகலில் குடித்த வெயிலை
இரவில் எங்கள்மேல் துப்பும் சீற்.
பத்து மணிக்கும் சுவரில் கை வைக்கேலாது,
இப்போதுதான் இறக்கிய சோற்றுப்பானை மாதிரி.
ஃபான் சுற்றும், சூட்டைக் கலக்கிவிடும், அவ்வளவுதான்.
அறுபது யூனிட்டைத் தாண்டினால் விலையே வேறை.
மீற்றர் பார்க்கிற பெடியன்
பில்லை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சங்கத்தில் கடன் கேட்டேன்.
விண்ணப்பத்தில் மூன்றே பெட்டி:
புதிய வீடு, மலசலகூடம், கிணறு.
ஓரத்தில் எழுதினேன்,
‘இருக்கிற வீட்டை ஆறவைக்க.’
தலைவி வாசித்துச் சிரித்தாள்.
“வீடென்ன பிளேன்ரீயே அக்கா, ஆறவைக்க?”
ஆனாலும் கையெழுத்து வைத்தாள்.
அவளும் அதே திட்டத்து வீட்டில்தான் வேகிறாள்.

மேசன் கொறற்றி சைக்கிளில் வந்தாள்.
தெற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்,
டொக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி.
“இதிலை மூச்சே இல்லை.”
ஆறு பூக்கல்லுக்கு வாய் வெட்டினாள்.
முகட்டு முக்கோணங்களில் துவாரம்,
வௌவாலுக்கு வலை.

உமி ஆலையில் சும்மா கிடைத்தது.
எலி வராதென்று சுண்ணாம்புத்தூள் பிசறி
உரப்பையில் அடைத்து
சீற்றுக்குக் கீழே சிலாகை அடித்து
அதன்மேல் அடுக்கினோம்.
பொருத்தின்மேல் பொருத்து விழாமல்,
வாயை உள்ளே மடித்து.
மூட்டை அடுக்க
எங்கள் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
எழுபத்துமூன்று பை என்று மகன் எண்ணினான்.
நான் வேறொரு எண்ணிக்கையில் இருந்தேன்.

கடைசியாய்க் கூரை.
சுண்ணாம்பு, உப்பு, கொஞ்சம் பசை.
பலகை போட்டுக் குந்தியிருந்து
தும்புக்கட்டையால் இழுத்தேன்.
முதல் சீற் வெளுத்தது.
இரண்டாவது.
வேலிக்கு அங்காலை ஞானேஸ்வரி கத்தினாள்,
“என்னடி செய்யிறாய்?
மேலையிருந்து பாத்தாத் தெரியுமே!”

சொன்ன பிறகுதான்
சொன்னது அவளுக்கே கேட்டது.
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.
என் கையில் கட்டை சொட்டிக்கொண்டு நின்றது.

ஒரு காலம்
கொடியில் வெள்ளை காயப்போட்டதில்லை நாங்கள்.
தகரத்துக்குச் சேறு பூசினோம்.
குழை வெட்டிப் போர்த்தினோம், வாட வாட மாற்றினோம்.
புகைக்குப் பயந்து இருட்டில் உலை வைத்தோம்.
வானத்துக்கு வீடில்லாமல் இருப்பதுதான்
வீடு.

அண்ணாந்து பார்த்தேன்.
ஒரு பருந்து,
அதற்கும் மேலே வெயில்.
வேறொன்றும் இல்லை.
இன்னொருமுறை பார்த்தேன், பழக்கம்.
பிறகு கட்டையை வாளிக்குள் தோய்த்தேன்.
மூன்றாவது சீற்.

பின்னேரம் பார்த்தால்
வேலியோரம் ஒரு வெறும் வாளி,
எங்கள் பக்கமாய்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் மிச்சத்தை ஊற்றி
அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அடுத்த மாசம் ஐம்பத்தைந்து.
பெடியன் மீற்றரை விரலால் தட்டினான்,
பிழையோ என்று.
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
நல்ல கண்கள் அவனுக்கு.

இரவு ஃபானை நிறுத்திவிட்டுச்
சுவரில் கை வைத்தேன்,
எடுக்க மறந்துபோனேன்.
பூக்கல்லுக்குள்ளால் சோளகம் வந்து
மகனின் கொப்பியைப் புரட்டியது.
அந்த அமைதியில்தான் கேட்டது,
தலைக்கு மேலே, உமிக்குள்ளே
ஏதோ சுரண்டும் சத்தம்.

சுண்ணாம்பு காணாது.
நாளைக்குக் கொறற்றியிடம் சொல்லவேணும்.