முப்பத்தேழாம் கேள்வி

போன செவ்வாய் வரைந்த வட்டம்
கரும்பலகையின் இடது மூலையில் அழியாமல் இருக்கிறது.
விட்டம் போட்டேன். வளைவின் மேல் ஒரு புள்ளி வைத்து
இரண்டு முனைக்கும் கோடு இழுத்தேன்.
அதற்குள் ஓஎம்ஆர் கட்டோடு வந்துவிட்டார் தலைமையாசிரியர்.

இன்றைக்கும் அதே.
தொண்ணூறு கேள்வி, தொண்ணூறு நிமிடம்,
என் பீரியடும் ஓவியப் பீரியடும் சேர்த்து.
"தெரியலன்னா 'இ' போடு, சும்மா விடாதே."
சொல்வது என் வாய்தான்.

பள்ளிப்பட்டுத் தறிகள் சுவருக்கு அப்பால்.
நகரி பஸ் வந்து, நின்று, போகிறது.
ஹேமசுந்தர் கால் மணியில் முடித்துவிட்டு
பேனா மூடியைக் கடிக்கிறான்.
நாலில் ஒன்றைக் கறுப்பாக்கக்
கணக்கு எதற்கு அவனுக்கு?

மௌனிகா வீட்டுத் தெலுங்கைக் கலந்து கேட்டாள்:
"எந்துக்கு சார், புள்ளிய எங்க வச்சாலும்
தொண்ணூறு டிகிரியே வருது?"
அப்புறம், என்றேன். அப்புறம்.

மாலை தாள்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன்.
முப்பத்தேழுக்கு எதையும் நிரப்பவில்லை.
மெஷின் அதை வெற்றிடம் என்றே எண்ணும்.
'ஆ' வட்டத்துக்குள், மிளகளவு இடத்தில்,
விட்டம், புள்ளி, இரண்டு கோடு.
பிறகு மையத்திலிருந்து புள்ளிக்கு
மூன்றாவதாக ஒன்று,

நான் இன்னும் போடாதது.