சூப்புக்கா?

பேஸ் கிட்டாரின் நட்டு உடைந்துவிட்டது,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக்.
மார்த்தாண்டத்தில் ஆறு கம்பிக்குத்தான் இருக்கிறதாம்.

குறும்பனை இறைச்சிக்கடையில் மரியலூயிஸ்
மாட்டெலும்பு ஒன்றைத் தாளில் சுற்றினான்.
‘சூப்புக்கா?’
தலையாட்டிவிட்டேன், யார் விளக்குவது.

மூன்று நாள் உரசல்.
வீடெல்லாம் பல் டாக்டர் வாசனை.
நாலு பள்ளம்; மூன்று சரி.
தடித்த கம்பிக்கு மட்டும் அரம்
மயிரிழை இறங்கிப் போயிற்று.
தட்டினால்
மண்ணெண்ணெய் தீரப்போகும் வள்ளத்து எஞ்சின்.

விஜிலா ஆப்பச் சோடாவைக் கொண்டுவந்தாள்.
பள்ளத்தில் ஒரு சிட்டிகை, மேலே
சூப்பர் குளூ ஒரு சொட்டு.
புகைந்தது, கல்லாயிற்று.
மறுபடி அரம்,
இந்தமுறை மூச்சை அடக்கி.

ஞாயிறு பூசையில்
அந்தக் கம்பியை விரல் அழுத்தாமல்
வெறுமனே அதிரவிட்டேன்.
பிசகினால்தான் பேஸ்காரனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருத்தரும் திரும்பவில்லை.